வாசகர் கேள்வி – பதில்: கார்பன் இழைக்கும் எப்பாக்சிக்கும் எவ்வளவு சூடு வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையோரத்திலும் உள்நாட்டு நகரங்களிலும் சிறு பட்டறை வைத்து, கனூப் படகு, துடுப்பு, தூண்டில் கழி ஆகியவற்றைக் கார்பன் இழையில் செய்துவரும் வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேள்விகள் வேறு வேறாக இருந்தாலும் எல்லாம் சூட்டைப் பற்றியவை என்பதால் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். வெப்பநிலைகள் அனைத்தும் செல்சியஸ் அளவில் உள்ளவை.

கேள்வி: ஐயா, வணக்கம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் டூசி கனூப் போட்டிக்குப் போகும் இளைஞர்களுக்காகக் கார்பன் கனூ கட்டுகிறோம். கார்பன் துணியில் எப்பாக்சி ரெசினை ஹார்டனரோடு கலந்து பூசி ஒரு நாள் விட்டால் கல்லைப்போல இறுகிவிடுகிறது. நகத்தால் கீறினாலும் தடம் விழுவதில்லை. ஆனால் பிப்ரவரி வெயிலில் காரின் கூரைமேல் வார் போட்டுக் கட்டிக்கொண்டு போன ஒரு கனூ, வார் அழுத்திய இடத்தில் உள்வாங்கிவிட்டது. பளபளவென்று இருந்த மேற்பரப்பிலும் துணியின் நெசவு வரிவரியாகத் தெரிகிறது. ரெசின் கெட்டுப்போனதா?

பதில்: ரெசின் நல்லதுதான்; அதன் வேலை பாதியில் நின்றிருக்கிறது. எப்பாக்சி பெயின்டைப்போலக் காய்ந்து இறுகுவதில்லை, அதிலிருந்து ஆவியாகிப் போக வேண்டியது எதுவும் இல்லை. ரெசின் மூலக்கூறுகளின் முனைகளில் உள்ள வளையங்களை ஹார்டனரில் இருக்கும் அமீன் என்ற வேதிப்பொருள் திறந்து அவற்றோடு பிணைந்துகொள்கிறது. அந்தப் பிணைப்புகள் பெருகி எல்லாத் திசையிலும் ஒரே வலையாக ஆகும்போது, முதலில் ரெசின் பாய்வதை நிறுத்திக் கூழாகிறது, பிறகு கெட்டிப்படுகிறது. கெட்டிப்பட்ட பிறகும் சேராத முனைகள் நிறைய மிஞ்சியிருக்கும். ஆனால் வலை இறுகிவிட்டதால் மூலக்கூறுகள் நகர இடமின்றிப் போய், அருகருகே இருந்தும் ஒன்றையொன்று எட்ட முடியாமல் அப்படியே உறைந்து நிற்கும். நீங்கள் நகத்தால் கீறிப் பார்க்கும் நேரத்தில் கனூ இந்த நிலையில்தான் இருக்கிறது.

இறுகிய எப்பாக்சி ஒவ்வொன்றுக்கும் ஓர் இளகு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே அது கண்ணாடிபோல விறைப்பாக இருக்கும். அதைத் தாண்டினால் உருகாது, ஆனால் ரப்பரைப்போல நெகிழத் தொடங்கும். அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்சியின் இளகு வெப்பநிலை, அது இறுகிய சூட்டைவிடப் பொதுவாக 10 முதல் 20 டிகிரி வரைதான் மேலே போகும். 25 டிகிரியில் இறுகிய உங்கள் கனூ 45 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கியிருக்கும் என்று கொண்டால், நடந்தது அனைத்தும் விளங்கிவிடும். கோடை வெயிலில் நிற்கும் கருப்பான கார்பன் மேற்பரப்பு 70 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் கார்பன் இழைக்கு எதுவும் ஆவதில்லை. ஆனால் இழைகளை நிமிர்த்திப் பிடித்திருக்கும் ரெசின் நெகிழ்ந்துவிடுவதால் வார் அழுத்தும் இடம் உள்ளே போகிறது.

நெசவு தெரிவதற்கும் இதுவே காரணம். வெயில் சூட்டில், நின்றுபோன வினை மீண்டும் தொடங்குகிறது. பிணைப்புகள் கூடும்போது ரெசின் சற்றுச் சுருங்குகிறது. நெசவின் மேடுகளில் ரெசின் மெல்லியதாகவும் பள்ளங்களில் தடிமனாகவும் இருப்பதால், பள்ளங்கள் கூடுதலாகச் சுருங்கி இறங்குகின்றன. தேய்த்து மெருகேற்றிச் சமமாக்கிய பரப்பில் வரிகள் எழுகின்றன. அதாவது, பட்டறையில் நீங்கள் கொடுத்திருக்க வேண்டிய சூட்டை, சாலையில் வெயில் ஒழுங்கில்லாமல் கொடுத்திருக்கிறது.

ஆகவே கனூ அச்சைவிட்டு வெளியே வருமுன், ஒரு நாள் அறை வெப்பத்தில் இறுகிய பிறகு, அச்சோடு சேர்த்துச் சூடு கொடுங்கள். இதைத்தான் போஸ்ட் கியூர் என்கிறோம். மணிக்கு 10 டிகிரி வீதம் நிதானமாக ஏற்றி, 60 டிகிரியில் ஆறு முதல் எட்டு மணி நேரம் நிறுத்தி, அதே நிதானத்தோடு ஆறவிடுவது பல அறைவெப்ப எப்பாக்சிகளுக்குப் பொருந்தும். சில வகைகள் 80 டிகிரி வரை கேட்கும். உங்கள் ரெசினோடு வரும் விவரத்தாளில் எழுதியிருப்பதே இறுதியான அளவு. நிதானமாக ஏற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சூடு ஏற ஏற, பிணைப்பு கூடி, இளகு வெப்பநிலையும் ஏறிக்கொண்டே போகிறது. ஓவனின் சூடு அதை முந்திக்கொண்டு ஓடினால் படகு தன் எடையாலேயே தொய்யும்; இளகு வெப்பநிலை ஏறும் வேகத்துக்குச் சற்றுப் பின்னாலேயே நாம் சூட்டை ஏற்றிப் போக வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். உங்கள் அச்சு எதனால் ஆனது என்று முதலில் பாருங்கள். சாதாரண பாலியெஸ்டர் கண்ணாடியிழை அச்சு 80 டிகிரியில் தானே கோணிக்கொள்ளக் கூடும். படகுக்குக் கொடுக்கப்போகும் சூட்டை அச்சு ஏற்கெனவே தாங்கிப் பழகியிருக்க வேண்டும். படகின் நடுவே நுரைப் பலகை வைத்திருந்தால் அதன் வெப்ப வரம்பையும் விசாரியுங்கள். வெள்ளை பாலிஸ்டைரீன் நுரை 80 டிகிரியை நெருங்கினாலே இளகிச் சுருங்கத் தொடங்கும்.

உள்வாங்கிய கனூவைக் கைவிட வேண்டாம். அதை மீண்டும் அச்சுக்குள் பொருத்தி, சரியான வடிவில் இறுக்கிப் பிடித்தபடி சூடு கொடுத்தால் பெரும்பாலும் வடிவத்துக்கு வந்துவிடும், முழுதாக முதிர்ந்த பிறகு அந்த வடிவிலேயே நிற்கும். அழுத்திய இடத்தில் இழை முறிந்திருந்தால் மட்டும் ஒட்டுப் போட வேண்டும். மேற்பரப்பை அதன் பிறகுதான் தேய்க்க வேண்டும். 1951இல் தொடங்கிய டூசி போட்டியில், டர்பன் வரையிலான ஏறத்தாழ 120 கிலோமீட்டரில், படகைத் தோளில் சுமந்துகொண்டு குன்றேறி ஓடும் கட்டங்களும் உண்டு. அதனால்தான் எல்லோரும் எடையைக் குறைக்கப் பார்க்கிறார்கள், ரெசினையும் அளந்து பூசுகிறார்கள். ரெசின் குறைவாக உள்ள படகில், இருக்கும் ரெசின் முழு வலுவோடு இருந்தே ஆக வேண்டும். முடிந்தால் படகின் மேல்தளத்துக்கு வெள்ளைப் பூச்சுக் கொடுங்கள். போட்செஃப்ஸ்ட்ரூமில் கட்டப்படும் கிளைடர் விமானங்கள் உள்பட, இத்தகைய பொருளால் ஆன கிளைடர்கள் ஏறக்குறைய எல்லாமே வெள்ளையாக இருப்பது ரெசினை வெயிலிலிருந்து காக்கத்தான்.

கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் ஜூலை மாதக் குளிரில் ரெசின் இரண்டு நாள் ஆனாலும் பிசுபிசுப்பு விடுவதில்லை. ஹார்டனரைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தால் சீக்கிரம் இறுகும் என்கிறார்கள். பாரஃபின் ஹீட்டர் வைத்துப் பார்த்தோம். மேலே மெழுகு படிந்ததுபோல ஆகிவிட்டது. டர்பனில் நண்பர் செய்யும் அதே வேக்கம் பை முறையில் செய்தும், எங்கள் பலகைகளில் ரெசின் சற்றுக் கூடுதலாகத் தங்குகிறது. ஏன்?

பதில்: ஹார்டனரைக் கூட்டவே கூடாது. பாலியெஸ்டர் ரெசினில் சேர்க்கும் பெராக்சைடு வினையைத் தூண்டிவிடும் பொருள் மட்டுமே. அதனால் அதன் அளவைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். எப்பாக்சியில் ஹார்டனரே வலையின் ஒரு பாதி. மிகுதியாகச் சேர்த்தால் பிணைய ஆளில்லாத அமீன் உள்ளேயே தங்கி, ரெசினை மென்மையாக்கும், தண்ணீரையும் இழுக்கும். வேகம் வேண்டுமானால் அதே ரெசினுக்கு உரிய வேக ஹார்டனரை வாங்கி, அதற்குச் சொல்லப்பட்ட விகிதத்தில், தராசில் நிறுத்துக் கலக்குங்கள். அதைவிட நல்ல வழி, அறையையும் அச்சையும் முந்தின நாளே சூடாக்கி வைப்பது. ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வினையின் வேகம் இரு மடங்காகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 10 டிகிரியில் இரண்டு நாள் இழுப்பது 30 டிகிரியில் அரை நாளில் முடிந்துவிடும். குளிரில் ரெசின் டப்பாவுக்குள் சர்க்கரைபோலக் குருணை கட்டியிருந்தால், மூடியோடு 50 டிகிரி வெந்நீரில் வைத்துத் தெளியவைத்து, ஆறிய பிறகு பயன்படுத்துங்கள்.

மெழுகுப் படலத்துக்கு உங்கள் ஹீட்டரே காரணமாக இருக்கலாம். பாரஃபினோ எரிவாயுவோ அறைக்குள் எரியும்போது நீராவியும் கரியமில வாயுவும் வெளிவரும். இரண்டும் சேர்ந்து, பரப்பில் இன்னும் பிணையாமல் இருக்கும் அமீனோடு கலந்து அந்தப் படலத்தை உண்டாக்குகின்றன. அதன்மேல் அடுத்த பூச்சைப் பூசினால் ஒட்டாமல் உரிந்துவரும். வெதுவெதுப்பான நீரால் கழுவித் துடைத்து, பிறகு உப்புத்தாள் போடுங்கள். கழுவாமல் தேய்த்தால் மெழுகு உள்ளேதான் அமுங்கும். அசிட்டோன் ஆவி நிற்கும் பட்டறையில் நெருப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து என்பதால், மின் ஹீட்டருக்கு மாறிவிடுங்கள்.

கடைசிக் கேள்விக்கு விடை உங்கள் ஊரின் உயரத்தில் இருக்கிறது. பலகையை மூடிய காற்றுப்புகாத வேக்கம் பைக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சும்போது, பலகையை அழுத்துவது வெளியே உள்ள காற்றுமண்டலம்தான். டர்பன் கடற்கரையில் அதன் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 1,700 மீட்டருக்கு மேல் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் சுமார் 83. எவ்வளவு நல்ல பம்ப் வைத்தாலும் உங்களுக்குக் கிடைக்கும் அழுத்தம் டர்பனைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பையை மூடிய பிறகு அச்சை 35, 40 டிகிரிக்குச் சூடாக்கினால், வெயிலில் வைத்த நெய்யைப்போல ரெசின் இளகிப் பாய்ந்து, மிகுதி வெளியேறிவிடும். ஆனால் அதே சூட்டில் அது கூழாகும் நேரமும் குறையும் என்பதை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் வீட்டோடு சேர்ந்த பட்டறையில் சொந்தமாக ஓவன் கட்டலாம் என்று இருக்கிறேன். எதை எல்லாம் கவனிக்க வேண்டும்? நடுவில் மின்சாரம் போய்விட்டால் பொருள் வீணாகிவிடுமா?

பதில்: போஸ்ட் கியூருக்கு மட்டும் என்றால், 80 டிகிரி தாங்கும் வெப்பத்தடுப்புப் பலகையால் செய்த ஒரு பெட்டி, மின் ஹீட்டர், காற்றைச் சுழற்றும் மின்விசிறி, கட்டுப்படுத்தும் கருவி ஆகியவை போதும். இவற்றில் விசிறியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விசிறி இல்லாத பெட்டியில் மேல்மூலை 80 டிகிரியிலும் தரையோரம் 50 டிகிரியிலும் நிற்கும், ஒரே துடுப்பின் இரண்டு முனைகளும் இரண்டு விதமாக முதிரும். ஹீட்டர் பொருளை நேராகப் பார்க்கக் கூடாது. நடுவில் ஒரு தகடு வைத்து மறைத்துவிடுங்கள். கட்டுப்பாடு கைவிட்டாலும் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனிப் பாதுகாப்பு ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். வீட்டுச் சமையலறை ஓவனை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அமீன் ஆவி படிந்த இடத்தில் உணவு வைக்கலாகாது.

ஓவனின் முகப்பில் தெரியும் எண் காற்றின் வெப்பநிலை. நமக்கு வேண்டியது பொருளின் வெப்பநிலை, இந்த இரண்டும் மணிக்கணக்கில் வேறுபட்டு நிற்கக் கூடும். வெப்பநிலை அளக்கும் மெல்லிய தெர்மோகப்பிள் கம்பிகள் மூன்றை எடுத்து, ஒன்றைப் பொருளின் மிகத் தடித்த இடத்திலும், ஒன்றை விசிறிக்கு எட்டாத மூலையிலும், ஒன்றை அச்சின் அடியிலும் வெப்பம் தாங்கும் நாடாவால் ஒட்டிவிடுங்கள். கதவை மூடியதும் முகப்பில் 60 என்று வந்துவிடும். கனத்த அச்சின் அடியில் ஒட்டிய கம்பி அப்போது 35 காட்டிக்கொண்டிருக்கும், மற்ற இரண்டும் ஏறிய பிறகும் அது ஊர்ந்துதான் வரும். அந்தக் கடைசிக் கம்பி 60ஐத் தொட்ட நேரத்திலிருந்துதான் உங்கள் எட்டு மணி நேரத்தைத் தொடங்க வேண்டும்.

தடித்த பொருளில் இதற்கு நேர்மாறான தொல்லை வரும். எப்பாக்சியின் வினையே வெப்பத்தை வெளிவிடுவது. மெல்லிய கனூச் சுவரில் அந்த வெப்பம் உடனே வெளியேறிவிடுகிறது. இரண்டு விரற்கடை தடிமனுள்ள கட்டையின் நடுவில் அது சிக்கிக்கொண்டு, ஓவனைவிடப் பொருள் சூடேறி, உள்ளே கருகவும் விரிசல் விடவும் செய்யும். கலந்த ரெசினைக் குடுவையிலேயே மறந்து வைத்துவிட்டால் புகை கிளம்புவது இதனால்தான். அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பி வையுங்கள். தடித்த பொருளை அறை வெப்பத்தில் சில அடுக்குகளாகப் பிரித்து இறுகவைத்து, கடைசியில் மொத்தமாகச் சூடு கொடுங்கள்.

மின்வெட்டைப் பொறுத்தவரை, எந்தக் கட்டத்தில் அது வந்தது என்பதே கேள்வி. ரெசின் ஏற்கெனவே கெட்டிப்பட்டு, போஸ்ட் கியூர் நடக்கும்போது மின்சாரம் போனால் பொருளுக்கு எந்தக் கேடும் இல்லை. கதவைத் திறக்காமல் விடுங்கள். நல்ல வெப்பத்தடுப்பு உள்ள பெட்டி மெதுவாகத்தான் ஆறும். மின்சாரம் வந்ததும், முன்பு எட்டியிருந்த சூடு வரை சற்று வேகமாகவே ஏற்றலாம், ஏனென்றால் அதுவரை கிடைத்த பிணைப்பு எங்கும் போகவில்லை. அதற்கு மேல் மட்டும் பழைய நிதானம் வேண்டும். ரெசின் கூழாகுமுன் வேக்கம் பம்ப் நின்றுவிட்டால்தான் சிக்கல். பைக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு வால்வு வைத்து, மின்சாரம் போனதும் அதை மூடிவிட்டால், கசிவில்லாத பை தன் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே ரெசினைக் கலக்குமுன்பே பம்பை அணைத்து, அரை மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்தச் சோதனையில் தேறாத பையில் வேலையைத் தொடங்காதீர்கள்.

கேள்வி: டொங்காட்டிலிருந்து எழுதுகிறேன். அலுமினியக் கம்பியின்மேல் கார்பன் சுற்றித் துடுப்புத் தண்டு செய்தால் எளிதாகக் கழன்று வருகிறது. துடுப்பின் இலையை அலுமினியப் பள்ள அச்சில் வைத்துச் சூடாக்கினால் மட்டும் கோணிக்கொள்கிறது.

பதில்: இரண்டுக்கும் ஒரே காரணம். ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் ஒரு மீட்டருக்கு 23 மைக்ரோமீட்டர் நீள்கிறது. கார்பன் இழை தன் நீளவாக்கில் ஏறக்குறைய நீள்வதே இல்லை. இரண்டு மீட்டர் அலுமினியத்தை 25 டிகிரியிலிருந்து 120க்குக் கொண்டுபோனால் அது 4 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிடும். கம்பியின்மேல் சுற்றும்போது, சூட்டில் பருத்த கம்பியின் அளவுக்கே கார்பன் இறுகுகிறது. ஆறியதும் கம்பி மட்டும் சுருங்கி, இடைவெளி விட்டு விலகுகிறது. பள்ள அச்சில், விரிந்த அச்சின் அளவுக்கு இறுகிய இலையைச் சுருங்கும் அச்சு நான்கு பக்கமும் நெரிக்கிறது. இலையை அறை வெப்பத்திலேயே இறுகவைத்து, அச்சைவிட்டு எடுத்து, வடிவம் மாறாமல் தாங்கிப் பிடிக்கும் கார்பன் தொட்டிலில் வைத்துச் சூடு கொடுங்கள். அடுத்த அச்சைக் கார்பனிலேயே செய்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி: நான் டர்பனில் பொறியியல் படிக்கும் மாணவி. ரெசின் ஊறிய ப்ரீப்ரெக் துணி சிறிது கிடைத்தது. சூட்டோடு அழுத்தமும் கொடுக்கும் கலனான ஆட்டோகிளேவ் இல்லாமல் அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: ஆட்டோகிளேவ் இன்றி வேக்கம் பையிலேயே முதிரும் வகை ப்ரீப்ரெக்கும் உண்டு. உங்களுக்குக் கிடைத்தது எந்த வகை என்று சுருளின் உறையில் பாருங்கள், அம்மா. மற்ற வகையையும் வேக்கம் பையில் முதிரவைக்கலாம். ஆனால் ஆறு, ஏழு பார் அழுத்தம் இல்லாததால் உள்ளே காற்றுக் குமிழ்கள் மிஞ்சும், பாரம் தாங்கும் பொருளுக்கு அது ஆகாது. இந்த ரெசின்களில் ஹார்டனர் ஏற்கெனவே கலந்திருக்கிறது. குளிரில் அது செயலற்றுக் கிடக்கும், 120 அல்லது 180 டிகிரியில்தான் முழு வேகம் எடுக்கும். ஃப்ரீசரில் சுமார் மைனஸ் 18 டிகிரியில் வைத்திருங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காதீர்கள். டர்பனின் ஈரக் காற்று குளிர்ந்த துணிமேல் பட்டால் நொடியில் பனித்துவிடும், அந்த ஈரம் ஓவனில் ஆவியாகிக் குமிழாகும். உறையின் வெளிப்புறத்தில் நீர் கோப்பது முற்றிலும் நின்று, சுருள் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

கேள்வி: வெருலம் வாசகர் எழுதுவது. என் மகன் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறான். மரச்சட்டம் கனக்கிறது என்று கார்பன் குழாய்களை வாங்கி, அலுமினிய மூட்டுகளில் ஐந்து நிமிட எப்பாக்சியால் ஒட்டிச் சட்டம் செய்தோம். சென்ற ஆண்டு ஊர்வலத்தில் ஒரு மூட்டு ஆடத் தொடங்கிவிட்டது. இந்த ஆண்டு என்ன செய்யலாம்?

பதில்: கடையில் கிடைக்கும் நல்ல குழாய்கள் பெரும்பாலும் ஓவனில் முதிர்ந்து வந்தவை, அவற்றில் குறை இருக்க வாய்ப்பில்லை. ஐந்து நிமிடப் பசை வெயில் சூட்டில் இளகிவிட்டது. நம் நாட்டில் தைப்பூசம் கோடையின் உச்சியில் வருகிறது. நண்பகலில் கருப்புக் குழாயும் அதைப் பிடித்த உலோகமும் அந்தப் பசை தாங்காத சூட்டை எட்டிவிடும். பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுங்கள். இரு பரப்புகளையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, மெதுவாக இறுகும் கட்டமைப்பு எப்பாக்சியால் ஒட்டி, குழாய்க்கும் அலுமினியத்துக்கும் நடுவே ஒரு சுற்று மெல்லிய கண்ணாடியிழைத் துணி வையுங்கள். கார்பன் மின்சாரம் கடத்தும் பொருள் என்பதால், வியர்வையும் மஞ்சள் நீரும் பட்டால் அலுமினியம் அதன் அருகே அரித்துப்போகும். நடுவில் உள்ள துணி அதைத் தடுக்கும். ஒரு நாள் இறுகிய பிறகு, மூட்டுகளை ஒரு பெட்டிக்குள் வைத்து, மேலே சொன்ன அதே முறையில் 60 டிகிரி வரை ஏற்றி, எட்டு மணி நேரம் சூட்டில் வையுங்கள். ஒவ்வொரு மூட்டிலும் குறுக்காக ஒரு நூல்கட்டோ ஊசியாணியோ போட்டுவிட்டால், பசை விட்டாலும் சட்டம் பிரியாது.

சட்டத்தைப் பூவாலும் வெளிர்நிறத் துணியாலும் மூடிக் கட்டுங்கள், கற்பூரத் தட்டை அதற்கு எட்டத்திலேயே வையுங்கள். அறுத்த குழாய் முனைகளைத் தேய்த்து, எப்பாக்சி பூசி மூடிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கார்பன் சிலாம்புகள் வெறும் தோளில் ஏறினால் எடுப்பது கடினம். தோளில் படும் இடத்துக்குப் பருத்தித் துணி சுற்றி, தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பாக, முழு அலங்காரத்தோடு நண்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்தி, ஒவ்வொரு மூட்டையும் கையால் முறுக்கிப் பாருங்கள்.